காலுக்குச் சலுகை உண்டு, கைக்கு இல்லை

2010 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். ஆனால், அதில் ஒரு காட்சி மட்டும் எப்படியோ நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இணை இந்தித் திரைப்பாடல்களுக்குப் பனித்தரையில் ஆடிய காட்சி அது. அந்தச் சுற்றுக்கு நாட்டுப்புற நடனம்தான் கருப்பொருள். அவர்கள் ஓர் இந்திய நடன ஆசிரியையின் உதவியோடு கையசைவுகளைப் பழகிக்கொண்டு வந்து ஆடினார்கள். மொத்தப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள்.

பல ஆண்டுகள் கழித்து அந்தக் காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் சுற்றுகிறது. காரணம், என் அக்கா மகள்.

அவளுக்கு 13 வயது. மேருவில்தான் வீடு. ஆறு வயதிலிருந்து பரதம் கற்கிறாள். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலையில் சன்வே பிரமிட் பேரங்காடிக்குப் போய் ஐஸ் ஸ்கேட்டிங்கும் பழகுகிறாள். போன மாதம் ஒரு தில்லானாவை எடுத்துக்கொண்டு, தானே அசைவு அமைத்து, இரண்டு நிமிடம் பனித்தரையில் ஆடினாள். மாமா கைதட்டல் படமாக அனுப்பினார். பாட்டி மட்டும் இரண்டு முறை பார்த்துவிட்டு, "காலு தட்டுற சத்தமே கேட்கலையே கண்ணு?" என்றார்.

அவளுடைய நடன ஆசிரியை வருத்தப்பட்டார். "பரதத்தைக் கேலிப்பொருள் ஆக்காதே. அரங்கேற்றமா, ஐஸா, முடிவு செய்துகொண்டு வா" என்று சொல்லிவிட்டாராம். அடுத்த ஆண்டு அரங்கேற்றம் என்று பேசி வைத்திருந்த நேரம். அக்கா எனக்குப் போன் செய்து, "மீடியா படிச்சவ நீதானே, நீயே ஒரு தீர்ப்புச் சொல்லு" என்றாள்.

வானொலியில் பேசுகிறவளுக்கு நடனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்ன தகுதி இருக்கிறது? ஆனால், இந்த வழக்கு பரதத்துக்கு முன்பே பாலேவுக்கு வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன்.

1860களில் ஜாக்சன் ஹெயின்ஸ் என்ற அமெரிக்கர் ஐரோப்பாவுக்குப் போய், பாலே அசைவுகளையும் இசையையும் ஸ்கேட்டிங்கில் சேர்த்தார். பிறகு நார்வேயின் சோன்யா ஹெனி வந்தார். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற அவருக்கு ஆதர்சம் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவா. பிரிட்டனின் ஜான் கரி சிறுவயதில் பாலே கற்க ஆசைப்பட்டார். அப்பா விடவில்லை. ஸ்கேட்டிங் விளையாட்டு என்பதால் அதற்கு மட்டும் சம்மதித்தார். அந்தப் பையன் பாலேவைப் பனிக்குள் கொண்டுவந்து 1976இல் தங்கம் வென்றார். பாலே உலகில் பெரிய பெயரான கென்னத் மெக்மில்லன் பின்னர் அவருக்காக நடனம் அமைத்தார்.

இருந்தாலும், பாலே ரசிகர்கள் ஸ்கேட்டிங்கைப் பார்த்தால் குறை சொல்வார்கள். பாதம் நீளவில்லை, கால் இடுப்பிலிருந்து வெளிப்புறம் திரும்பவில்லை, முதுகு வளைகிறது என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால், காலில் இருப்பதையும் பார்க்க வேண்டுமே. கணுக்காலுக்கு மேல்வரை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான காலணி. அதன் அடியில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு. பாலே கலைஞர் போலப் பாதத்தை மெல்ல மெல்ல உருட்டி விரல் நுனிக்கு வர அந்தக் காலணி விடாது. சுழலும்போது பாலேவில் தலையை ஒரே புள்ளியை நோக்கித் திருப்பித் திருப்பி நிறுத்துவார்கள். ஸ்கேட்டிங்கின் வேகத்தில் அதற்கு இடமில்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்குகிறார்கள்.

நடுவர்களும் பாலேவை அளப்பதில்லை. தாவல், சுழற்சி ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். அதோடு அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்று மூன்று தலைப்பில் மதிப்பெண். 'இது சரியான பாலேவா?' என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை.

பாட்டியின் கேள்விக்கு இங்கேதான் மதிப்பு வருகிறது. பரதத்தின் உயிர் அரைமண்டியிலும், தரையைத் தட்டும் பாதத்திலும் இருக்கிறது. தட்டடவு என்று பெயரே வைத்திருக்கிறோம். பாலே தன் எடையை மறைக்கிறது. பரதம் தன் எடையைப் பூமிக்குக் கொடுக்கிறது. ஐஸில் தட்டினால் தாளம் வராது, தடுமாற்றம்தான் வரும். ஆகவே, பனித்தரையில் ஆடுவதைப் பரதம் என்று அழைக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஆசிரியையின் பக்கம்தான் நான். தன் ஆட்டத்துக்கு 'பனியில் பரதம்' என்று அவள் வைத்த பெயரை மாற்றச் சொன்னேன்.

பரதம் இல்லை என்பதால் அது கேலி ஆகிவிடுமா? அது தனிக் கேள்வி.

அன்னா பாவ்லோவாவுக்கே திரும்பி வருவோம். அவரால் ஈர்க்கப்பட்ட இன்னொருவர் நம்முடைய ருக்மிணி தேவி அருண்டேல். பாவ்லோவாவின் குழுவில் இருந்தவரிடம் பாலே கற்றவர், உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதால் பரதத்தின் பக்கம் திரும்பினார் என்பார்கள். 1935இல் அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். சதிராட்டத்தில் அவர் செய்த மாற்றங்களைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை. சிருங்காரத்தைக் குறைத்தது பற்றி அவர்களுக்குள் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. இன்று நாம் 'அசல் பரதம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் பெரும்பகுதி, அன்று 'இது அசலா?' என்று கேட்கப்பட்டதுதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கோலாலம்பூரிலேயே ரம்லி இப்ராஹிம் இருக்கிறார். பாலே கற்றவர், அடையாறு லட்சுமணிடம் பரதம் கற்றவர், ஒடிசியில் உலகம் அறிந்தவர். 2018இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் போய் முறையாகக் கற்றார் என்பதுதான் அவருக்குக் கிடைத்த மரியாதையின் காரணம் என்று நினைக்கிறேன்.

வான்கூவரிலும் இதைப் பார்க்கலாம். அதே சுற்றில் ரஷ்ய இணை ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடி நடனம் என்று ஒன்றை ஆடியது. அந்தப் பழங்குடித் தலைவர்களே கண்டித்தார்கள். இரண்டு இணையும் கடன் வாங்கித்தான் ஆடின. ஓர் இணையை இந்தியர்கள் கொண்டாடினார்கள். இன்னோர் ஆட்டம் உரியவர்களைப் புண்படுத்தியது. கடன் கொடுத்தவரிடம் போய்க் கற்றுக்கொண்டதால் வந்த வித்தியாசம் அது.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது தெரியுமா? என் தொழிலிலும் இதே அளவுகோலோடு வருகிறவர்கள் உண்டு. சென்னையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவரிடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க தமிழ் வித்தியாசமா இருக்கே" என்றார். சென்னைத் தமிழை வைத்து அளந்தால் நம் தமிழ் எப்போதும் ஒரு படி குறைவாகத்தான் தெரியும். அதற்காக ஒலிவாங்கி முன்னால் லகர, ளகர, ழகரத்தை நான் குழப்பலாமா? கூடாது. அதற்கு மலேசியாவைக் காரணம் காட்ட முடியாது.

அக்கா மகளுக்கும் இதையேதான் சொன்னேன். கத்தி கட்டிய காலுக்குச் சலுகை உண்டு. கைக்கு என்ன தடை? பதாகத்தில் கட்டைவிரல் ஏன் மடங்கவில்லை? அலபத்மத்தில் விரல்கள் ஏன் பாதியில் நிற்கின்றன? கழுத்தையும் கண்ணையும் எந்தக் காலணியும் பிடித்துக்கொள்ளவில்லையே! பனி எதைத் தடுக்கிறதோ அதை மன்னிக்கலாம். தடுக்காத இடத்தில் பரதத்தின் அளவுகோல் முழுசாக நிற்கும். "சித்தி, நீங்க டீச்சரை விட மோசம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால், மறுநாள் கண்ணாடி முன்னால் நின்றாள் என்று அக்கா சொன்னாள்.

அக்கா ஆசிரியையிடம் நேரில் போய்ப் பேசியிருக்கிறாள். அரங்கேற்றம் வரைக்கும் வகுப்பு ஒன்றுகூடத் தவறாது, ஐஸ் ஆட்டத்தில் பரதம் என்ற பெயர் வராது, கை முத்திரைகளை அவரே பார்த்துத் திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது. அவர் மறுத்தால் அதுவும் அவர் உரிமைதான். தன் கலையைக் காக்கிறவருக்கு அந்த உரிமை வேண்டும்.

சன்வேயில் சறுக்கப் பழகிய ஜூலியன் யீ 2018இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனார். மலேசியா அந்தப் போட்டியில் கலந்துகொண்டது அதுவே முதல்முறை. 24 பேர் அடுத்த சுற்றுக்குப் போக, அவர் 25ஆவதாக வந்தார். பனியே விழாத நாட்டிலிருந்து அவ்வளவு தூரம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் இரண்டு கலையைக் கலந்து ஏதாவது செய்துகாட்டலாம். "இது அசல் இல்லையே" என்பது உடனே வாயில் வரும். அதைச் சொல்வதற்கு முன், யாரிடம் கற்றாய், எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் பிள்ளை கலையைக் கேலி செய்யவில்லை.