ரைஃபிளுக்கு டெண்டர்

துப்பாக்கி பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாதான். ஹீரோ சுட்டுக்கொண்டே இருப்பார். குண்டு தீராது, ஜாம் ஆகாது, எண்ணெய் போட்டுத் துடைக்க ஆள் வேண்டாம். வில்லனின் ஆட்கள் இருபது பேர் சுட்டாலும் அவருடைய கூலிங் கிளாஸில் ஒரு கீறல் விழாது. நிஜத் துப்பாக்கியின் கதை வேறு. அதைக் கேட்க நீங்கள் போர்க்களத்துக்குப் போக வேண்டாம், பர்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்குப் போனால் போதும். பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

முதலில் கொஞ்சம் காஸ்டிங். 1980-களில் உலகமெங்கும் ராணுவங்கள் 7.62 மி.மீ. குண்டை விட்டு 5.56-க்கு மாறிக்கொண்டிருந்தன. பெரிய தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், சின்னது 12. அதே எடையில் சிப்பாய் இரண்டு மடங்கு தோட்டா சுமக்கலாம். கூடவே இன்னொரு கணக்கும் சொன்னார்கள். எதிரியைக் கொன்றால் ஒருவன்தான் குறைவான். காயப்படுத்தினால் அவனைத் தூக்கிப்போக இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஆக மொத்தம் மூன்று பேர் காலி! இந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவான் யாரோ, ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்துதான் போட்டிருப்பார். காஷ்மீரில் ஒரு வீட்டுக்குள் பதுங்கியிருக்கும் தீவிரவாதியைத் தூக்கிப்போக யாரும் வருவதில்லை. அடிபட்ட பிறகும் அவன் சுடுவான்.

நம் நாட்டில் இந்தச் சின்னக் குண்டுக்காகச் செய்த ரைஃபிள்தான் இன்ஸாஸ். 1990-களில் படைக்கு வந்தது. நம்ம திருச்சி, நாவல்பட்டு பக்கமுள்ள துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரானதுதான். ரேஷன் கடை மாதிரி, ஒரு தடவை விசையை அழுத்தினால் மூன்று குண்டுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். மேகஸின் பிளாஸ்டிக்கில், உள்ளே எத்தனை மிச்சம் என்று தெரிகிற மாதிரி. நல்ல யோசனைதான். ஆனால் 1999-ல் கார்கில் மலையுச்சியின் குளிரில் அந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டது. ரைஃபிள்கள் ஜாம் ஆயின. சுடும்போது கண்ணில் எண்ணெய் தெறிக்கிறது என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதினாறாயிரம் அடி உயரத்தில் எதிரே பங்கர் இருக்கும்போது 'சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள்' என்று சொல்ல முடியுமா?

நம்மை மட்டும் திட்ட வேண்டாம். பணத்துக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவே வியட்நாமில் இதைவிடப் பெரிய கூத்து அடித்தது. எம்-16 ரைஃபிளைச் சிப்பாய் கையில் கொடுத்தார்கள். துடைக்கும் சாமான்களைப் பலருக்கும் கொடுக்கவில்லை. உள்ளே குரோமியப் பூச்சு இல்லை. டிசைன் செய்தபோது இருந்த வெடிமருந்தையும் மாற்றிவிட்டார்கள். சுட்ட தோட்டாக் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. பிரித்துப்போட்ட துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தார்கள் பையன்கள். 1967-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி விசாரித்துக் கிழித்த பிறகு பூச்சு வந்தது, துடைக்கிற சாமான் வந்தது. 1968-ல் பராமரிப்புப் புத்தகமும் வந்தது. கையேடு என்றால் எவன் படிப்பான் என்று அதைப் படக்கதையாகப் போட்டார்கள். ஒரு கவர்ச்சிப் பெண் பக்கத்துக்குப் பக்கம் வந்து 'இப்படித் துடை' என்று சொல்லிக்கொடுக்கிறாள். வரைந்தவர் புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர்.

நாம் படக்கதை போடவில்லை, டெண்டர் போட்டோம். இரண்டு குழல், மாற்றி மாற்றிப் பொருத்தலாம், ஒன்றில் 5.56, இன்னொன்றில் 7.62 என்று 2011-ல் ஒரு டெண்டர். மிக்ஸியில் ஜாரை மாற்றுகிற மாதிரி. நான்கு வருடம் ஃபைல் நகர்ந்து, 2015-ல் ரத்து. கடைசியில் 2019-ல் அமெரிக்காவிலிருந்து 72,400 ஸிக் ரைஃபிள்கள் அவசரமாக வாங்கினோம். அதே வருடம் உத்தரப் பிரதேசம் அமேதி பக்கம் கோர்வாவில், ரஷ்யக் கூட்டோடு ஏ.கே.-203 தொழிற்சாலையைத் திறந்துவைத்தார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 டிசம்பரில். ஐயாயிரத்துச் சொச்சம் கோடி. வகுத்துப் பார்த்தேன். ஒன்று சுமார் 85 ஆயிரம் ரூபாய். நீங்களும் நானும் தவணை கட்டும் பைக்கின் விலைதான்.

இந்தக் கணக்கைப் பெரியப்பாவிடம் சொன்னேன். ரிட்டயர்டு ஹவில்தார். 1987-ல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர். அந்தச் சண்டையைப் பற்றி யார் கேட்டாலும் "சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். துப்பாக்கி என்றால் மட்டும் வாய் திறப்பார்.

"எங்க கையில எஸ்.எல்.ஆர்.டா. குறை சொல்ல முடியாத சாமான். எல்லையில படுத்துக்கிட்டுத் தூரத்துல இருக்கறவனை அடிக்கணுமா, அதான் சரி. ஆனா மூணே முக்கால் அடி நீளம். ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு. எதிர்ல இருந்தவன் கையில ஏ.கே. மூணடி கூட வராது. புடிச்சு அழுத்தினா முப்பதும் போகும். நாங்க சந்துல திரும்பி வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள குழல் போய் நிலைப்படியில இடிக்கும். அந்த அரை செகண்டு..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார்.

செல்போனில் ஏ.கே.-203 படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். விலை, டெண்டர், கோடி எதையும் கேட்கவில்லை.

"நீளம் எவ்ளோ?"

"பின்கட்டையை மடக்கிட்டா ரெண்டடி சொச்சம் பெரியப்பா."

இரண்டு கைகளையும் அந்த அளவுக்கு அகட்டி வைத்துக்கொண்டு, எதிரே இருந்த சமையலறை நிலைப்படியைப் பார்த்தார்.

"பசங்க கைக்கு எப்பப் போச்சு?"

"முதல் 35 ஆயிரம் 2024-ல."

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார்.