வால் சொல்லும் சேதி



வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் பிஸ்கட்டும் பால்மாவும் வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அவற்றுக்கு நடுவே, பஞ்சில் பொதிந்து, ரிமோட்டில் பறக்கும் ஹெலிகொப்டரும் வருகிறது. தலைக்கு மேல் இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றும் சிறு விளையாட்டுப் பொருளை நான் சொல்லவில்லை. பெரிய விசிறி ஒன்றும் வாலில் சிறு விசிறி ஒன்றுமாக, நிஜ உலங்கு வானூர்தியைப் போலவே இயங்கும் மாதிரியைச் சொல்கிறேன். அது வந்த வீட்டில் சில வாரங்களுக்குள் ஒரு முறைப்பாடு எழும்: "வால் நிற்குதில்லை."

நீர்ப்பம்பிகளும் கை உழவு இயந்திரங்களும் திருத்துவதுதான் என் தொழில். துபாயில் வேலை செய்த காலத்தில் விடுமுறை நாட்களில் வெறும் மணல்வெளியில் நண்பர்களோடு இந்த மாதிரிகளைப் பறக்கவிட்டுப் பழகினேன். அதனால் ஊரில் யாருடைய ஹெலிகொப்டருக்கு வால் நோய் கண்டாலும் அது என் பட்டறைக்குத்தான் வருகிறது. வந்தவற்றைப் பார்த்து நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் பணத்தையும், அதைவிட முக்கியமாக உங்கள் பிள்ளையின் கண்ணையும் கையையும் காப்பாற்ற அது உதவக்கூடும்.

முதலில், வாலில் ஏன் விசிறி? சுவரில் துளை போடும் மெசினை நினைத்துப் பாருங்கள். அலகு சுவரில் இறுகிக்கொண்டால் மெசின் உங்கள் கையை எதிர்ப்பக்கம் முறுக்கும். ஹெலிகொப்டரிலும் அதுவே. பெரிய விசிறியை மோட்டார் ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கிறது. அந்த முறுக்கைத் தடுத்து நிறுத்துவதுதான் வால் விசிறியின் வேலை. இகோர் சிகோர்ஸ்கி 1939 இல் தமது வி.எஸ். 300 என்ற இயந்திரத்தில் வாலில் ஒற்றை விசிறி வைத்துக் காட்டிய வழியையே இன்றும் பெரும்பாலான ஹெலிகொப்டர்கள் பின்பற்றுகின்றன.

மாதிரி ஹெலிகொப்டர்களில் பெரும்பாலானவற்றின் பெரிய விசிறி, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். ஆகவே வால் விசிறியின் பலம் குறைந்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே நோயின் முதல் அடையாளம்.

முறுக்கு ஒரே அளவில் இருப்பதில்லை. மேலே ஏற்றினால் கூடும், இறக்கினால் குறையும், காற்றடித்தால் மாறும். ஆரம்ப காலத்தில் இதையெல்லாம் பறக்கவிடுபவர் தம் பெருவிரலால்தான் சமாளித்தார். பிறகு கைரோ வந்தது. முதலில் உள்ளே சுழலும் சில்லுகளுடன் வந்தது; இன்று நம் கைத்தொலைபேசியில் இருப்பதைப் போன்ற சிறு சில்லு. உடம்பு திரும்புவதை அது உணர்ந்து, சேர்வோ என்னும் சிறு மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கிறது. சேர்வோ ஒரு மெல்லிய கம்பியைத் தள்ளுகிறது. கம்பி, வால் தண்டின் மேல் முன்பின் நகரும் ஒரு குழாய்த்துண்டை நகர்த்துகிறது. அது வால் தகடுகளின் சாய்வை மாற்றுகிறது.

இந்தச் சங்கிலியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: கைரோ, சேர்வோ, கம்பி, குழாய்த்துண்டு, தகடு. இவற்றில் கைரோ ஒன்றுக்குத்தான் அதிக விலை. ஆனால் நான் கண்டவரையில், வால் ஆடியவுடன் எல்லாரும் முதலில் குற்றம் சாட்டுவது அதையேதான்.

என் தங்கையின் மகனுக்குப் பதினாறு வயது. அவனுடைய வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய ஹெலிகொப்டருக்குப் பெரிய விசிறித் தகடு ஒன்று 325 மில்லிமீற்றர் நீளம். 450 வகுப்பு என்று சொல்லப்படும் நடுத்தரமான அளவு. அது தரையை விட்டு எழுந்ததும் வால் இடமும் வலமுமாக, நாய் வாலாட்டுவது போல், மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் கெயின் என்ற அளவைக் குறைத்துப் பார்த்தான். ஆட்டம் சற்றுக் குறைந்தது. ஆனால் காற்றடித்தபோது வால் பிடியை விட்டு வழுகியது. கூட்டினான், ஆட்டம் திரும்ப வந்தது.

"மாமா, கைரோ செத்துப் போச்சி. வாப்பாட்ட சொல்லிப் புதிசொண்டு எடுப்பம்" என்றான்.

அன்றிரவு மச்சானும் கட்டாரிலிருந்து பேசினார். "மச்சான், பழுதெண்டா சொல்லுங்க. இந்த மாசம் ஓவர்டைம் இரிக்கி, வாங்கி அனுப்புறன்." பகல் முழுவதும் வெயிலில் நின்று வேலை செய்பவர், மகனின் முகம் வாடக்கூடாது என்பதற்காக இரவிலும் வேலை செய்யத் தயாராக இருந்தார். "ஒரு நாள் பொறுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மருமகனை உட்காரவைத்து, முதலில் மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களையும் கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று தொடாதபடி பிரித்து வைக்கச் சொன்னேன். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது விசிறி தற்செயலாகவும் சுற்றக்கூடாது. இது விட்டுக்கொடுக்க முடியாத விதி. அவனுடைய தங்கை ஒரு கொப்பியை எடுத்து வந்து எழுதுவதற்கு உட்கார்ந்தாள்.

முதலாவது, திசை. ரிமோட்டில் வலப்பக்கம் தள்ளும்போது சேர்வோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டோம். பிறகு ரிமோட்டைத் தொடாமல், ஹெலிகொப்டரைக் கையில் தூக்கி மூக்கை இடப்பக்கம் சடாரென்று திருப்பினோம். அப்போதும் சேர்வோ, வலப்பக்கம் தள்ளியபோது நகர்ந்த அதே பக்கம் நகர வேண்டும். மாறாக நகர்ந்தால் கைரோ தலைகீழாக வேலை செய்கிறது. அப்படியானால் ஹெலிகொப்டர் எழும்பியவுடன் பம்பரம் போல் சுற்றும். இவனுடையது சரியாகவே இருந்தது.

இரண்டாவது, தகடும் பெல்ட்டும். வால் தகட்டின் தடித்த உருண்டை விளிம்பு சுற்றும் திசையை நோக்கி இருக்கிறதா? பெல்ட்டைப் பொருத்தும்போது மறுபக்கமாக முறுக்கிவிட்டால் வால் விசிறியே எதிர்த்திசையில் சுற்றும். பற்றரியைக் கழற்றி, பெரிய விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே வால் விசிறியை மெல்லப் பிடித்துப் பார்த்தோம். பெல்ட் பல் தாவினால் அது தளர்வு. தாவவில்லை.

மூன்றாவது சோதனையில்தான் திருடன் அகப்பட்டான். சேர்வோவின் கையிலிருந்து கம்பியின் பந்து மூட்டைக் கழற்றினோம். ஹெலிகொப்டரை வால் கீழே தொங்கும்படியும், பிறகு மேலே இருக்கும்படியும் பிடித்தோம். எண்ணெய் போட்ட கதவுபோல, கம்பி தன் பாரத்திலேயே முன்னும் பின்னும் வழுக ஓட வேண்டும். இது அசையவே இல்லை. வால் குழாயின் மேல் கம்பியைத் தாங்கும் வளையங்களில் ஒன்று சற்றுத் திரும்பியிருந்தது. அதனால் கம்பி வில் போல் வளைந்து, வளையத்தில் உரசிக்கொண்டிருந்தது. அது போதாதென்று, வால் பக்கத்துப் பந்து மூட்டு தேய்ந்து, தகட்டைப் பிடித்து அசைத்தால் ஆடியது.

இப்போது பாருங்கள். கைரோ "வலப்பக்கம்" என்கிறது. சேர்வோ தள்ளுகிறது. கம்பி உரசி நின்று, தாமதித்துத்தான் நகர்கிறது. அதற்குள் வால் திரும்பிவிடுகிறது. கைரோ இன்னும் பலமாகக் கட்டளையிடுகிறது; கம்பி விடுபட்டு அளவுக்கு மேல் ஓடுகிறது. திரும்ப "இடப்பக்கம்." இதுதான் அந்த மெதுவான ஆட்டம். கைரோ தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதன் சொல் வாலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

வளையத்தைத் திருப்பி நேராக்கினோம். உதிரிப் பொதியில் வந்த புதிய பந்து மூட்டைப் போட்டோம். கெயினைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். அன்று மாலை அறுவடை முடிந்த வயலில் அது எழுந்து, வால் அசையாமல் நின்றது. செலவு ஒரு சதமும் இல்லை. மச்சானுக்குச் செய்தி சொன்னது மருமகன்தான்: "வாப்பா, கைரோ வேணாம். கம்பிதான் இறுகிக் கிடந்திச்சி." மறுமுனையில் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது.

உங்கள் வீட்டு ஹெலிகொப்டரின் நோய் வேறாக இருக்கலாம். எனவே அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

வால் மிக வேகமாக, நடுங்குவது போல் துடித்தால் கெயின் அதிகம் என்று கொள்ளுங்கள். சிறிது சிறிதாகக் குறைத்து, துடிப்பு நிற்கும் இடத்தில் விடுங்கள். காற்றுக்கெல்லாம் வால் அசைந்து கொடுத்தால் கெயின் குறைவு.

வால் ஆடாமல் ஒரே பக்கமாக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தால், திசையைப் பிடித்து வைக்கும் முறையில் இயங்கும் கைரோக்களில், ரிமோட்டின் ட்ரிம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிம் சற்று விலகினாலும் அதைத் "திரும்பு" என்ற கட்டளையாகவே கைரோ எடுத்துக்கொள்ளும். பற்றரியைப் பூட்டிய முதற் சில வினாடிகள் ஹெலிகொப்டரை அசைக்கவும் கூடாது. அப்போதுதான் கைரோ தன் நிலையைக் கணக்கெடுக்கிறது. குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டு வந்தால் சில நிமிடங்கள் வெளியே வைத்திருந்து பிறகு பற்றரியைப் பூட்டுங்கள்.

சடாரென்று மேலே ஏற்றும்போது மட்டும் மூக்கு இடப்பக்கம் வெட்டினால் விசிறியின் வேகம் போதவில்லை. வேகம் குறைந்தால் வால் விசிறிக்கும் பலம் குறையும். பறப்பின் கடைசி நிமிடங்களில் மட்டும் இது நேர்ந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது; உடனே இறக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வால் கிறுக்குத்தனம் செய்தால் அதிர்வைத் தேடுங்கள். வளைந்த வால் தண்டு, சமநிலை இல்லாத தகடுகள், தேய்ந்த பெயாரிங், கைரோவின் அடியில் பிடிவிட்ட ஒட்டுநாடா ஆகியவை கைரோவுக்குப் பொய்ச் செய்தி கொடுக்கும்.

கைரோவையோ சேர்வோவையோ மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. சாதாரண சேர்வோக்களின் நடுநிலை 1520 மைக்ரோ வினாடித் துடிப்பு. வாலுக்கென்றே செய்யப்பட்ட சிலவற்றுக்கு 760. டிஜிற்றல் சேர்வோக்கள் சிலவற்றுக்கு வினாடிக்கு 333 முறை கட்டளை அனுப்பலாம். பழைய அனலொக் சேர்வோவுக்கு அப்படி அனுப்பினால் அது எரிந்துபோகும். கைரோவைச் சேர்வோவுக்கு ஏற்றபடி அமைத்த பின்பே இரண்டையும் இணையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். மூன்றை ஒரேயடியாக மாற்றினால், குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது.

இனித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. என் தங்கை கேட்ட கேள்வி உங்கள் மனதிலும் இருக்கும். "காக்கா, இது புள்ளட கண்ணுல கிண்ணுல பட்டா என்ன செய்யிற?" அவள் பயப்படுவதில் நியாயம் உண்டு. இந்த அளவு ஹெலிகொப்டரின் பெரிய விசிறி நிமிடத்துக்கு 2,600 தடவை சுற்றினால் தகட்டின் நுனி மணிக்கு 340 கிலோமீற்றர் வேகத்தில் போகும். வால் விசிறி அதைப்போல் நான்கு மடங்கு தடவை சுற்றும். 2013 செப்டெம்பரில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், இதைவிடப் பெரிய மாதிரி ஹெலிகொப்டரைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞர் ஒருவர் அதன் விசிறி தலையில் பட்டு உயிரிழந்தார். பறக்கவிடுவதில் அனுபவம் உள்ளவர் அவர்.

எனவே முற்றத்தில் வேண்டாம். வயலுக்கோ வெறும் மைதானத்துக்கோ கொண்டுபோகட்டும். பறக்கவிடுபவர் குறைந்தது 25 அடி தள்ளி, வாலுக்குப் பின்னால் நிற்கட்டும். பார்க்க வரும் சிறுவர்கள் அவருக்கும் பின்னால். மின்கம்பிகள் அருகில் இருக்கக்கூடாது. நம் நாட்டில் ஆளில்லாமல் பறப்பவற்றுக்கு விதிகள் உண்டு. சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள். வாலைத் திருத்திய பின் முதல் பறப்பை ஓரடி உயரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். வால் ஆடும் ஹெலிகொப்டரை "இன்னும் ஒருமுறை பார்ப்போம்" என்று மேலே ஏற்றவே வேண்டாம்.

ஆடும் வால் பிள்ளைக்குப் பொறுமையைப் படிப்பிக்கும் ஒரு பாடம். அதைக் கடையில் புதிய பொருள் வாங்கி முடித்துவிடாதீர்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "பழுதாகிட்டு" என்று அவன் சொன்னால் "எது பழுது, எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். வால் நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டு அசைத்து, கடைசியில்தான் கைரோவுக்கு வரட்டும். தூரதேசத்தில் அவனுக்காக உழைப்பவருக்கு அவன் அனுப்பக்கூடிய நல்ல செய்தி, "புதிசு வேணாம், நானே கண்டுபிடிச்சிட்டன்" என்பதுதான்.