ஏழு பேர் வீட்டுக்கு எத்தனை டி.வி.?

டி.வி. கடைக்குள் கால் வைத்ததும் முதலில் வரும் கேள்வி, “எத்தனை இன்ச்மா பாக்குறீங்க?” என்பதுதான். 2025 தீபாவளிக்கு முன்னால் புதுச்சேரியில் மூன்று கடை, விழுப்புரத்தில் ஒரு கடை என்று ஏறி இறங்கினோம். நாலு இடத்திலும் இதையேதான் கேட்டார்கள். எங்கள் வீட்டிலோ அதற்கு முந்தின கேள்விக்கே பதில் கிடைக்காமல் பத்து நாளாகப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. டி.வி. ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

நாங்கள் இருப்பது நெட்டப்பாக்கம். மாமியார், வீட்டுக்காரர், நான், இரண்டு பையன்கள் என்று ஐந்து பேர் இருந்த வீடு. அந்த வருஷம் தையில் பெரியவனுக்குக் கல்யாணமாகி ஆறு பேரானோம். ஆனியில் மருமகள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. கூடத்தில் இருந்தது பத்து வருஷத்துப் பழைய 32 இன்ச் எல்.இ.டி. ஒன்று.

மாலை ஆறு மணிக்கு என் மாமியாருக்கு சீரியல் ஆரம்பமாகும். பத்து மணி வரை அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. பையன்களுக்குக் கிரிக்கெட்டும் அதே நேரம்தான். மருமகளுக்குப் பாட்டுப் போட்டி. என் வீட்டுக்காரர் செய்தி பார்க்க உட்கார்ந்து பத்தாவது நிமிஷம் குறட்டை விடுவார். சேனலை மாற்றினால் மட்டும் விழித்துக்கொள்வார்.

பெரியவன் ஒரு யோசனை சொன்னான். கூடத்துக்கு 55 இன்ச் ஒன்று தவணையில் எடுக்கலாம், பழைய டி.வி.யை ஆயா அறையில் மாட்டிவிடலாம். ஆயா இஷ்டத்துக்குப் பார்த்துக்கொள்ளும், சண்டையே இருக்காது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மாமியார் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப என்ன ரூம்ல வுட்டுட்டு, நீங்கள்லாம் கூடத்துல சிரிச்சிக்கினு இருப்பீங்களா?”

யாரும் பதில் பேசவில்லை.

அவர் பயந்ததில் அர்த்தம் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பெரியவருக்குத் தனி டி.வி. வாங்கிப் பின்கட்டு அறையில் வைத்தார்கள். பாசத்தோடுதான் செய்தார்கள். முதல் வாரம் சாப்பிடக் கூடத்துக்கு வந்தார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு அறைக்கே போக ஆரம்பித்தது. இப்போது யாராவது விருந்தாளி வந்தால்தான் அவர் வெளியே வருகிறார். எழுபத்தாறு வயதில் கூடத்தில் ஓர் இடம் என்பது சின்ன விஷயமில்லை. வருகிறவர் போகிறவர் யார், பால் வாங்கியாயிற்றா, சின்னவன் எத்தனை மணிக்கு வீடு திரும்பினான் என்பதெல்லாம் அந்த இடத்திலிருந்துதான் அவருக்குத் தெரியும். சீரியல் பாதி, இந்தக் கணக்கு மீதி.

நான் பார்த்தவரை, ஒவ்வொரு முறை டி.வி. மலிவானபோதும் அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் குறைந்துதான் போனார்கள். நான் பிறந்த ஊர் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் தமிழ்நாடு. எங்கள் கொம்யூன் ஊர்களும் அந்தப் பக்கத்து ஊர்களும் பின்னல் ஜடை மாதிரி கிடக்கும். 1987-ல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் வந்தபோது எனக்குப் பத்து வயது. தெருவில் இருந்த ஒரே டி.வி. முன்னால் வாசல் வரை கூட்டம். இந்தி ஒரு வார்த்தை புரியாது. கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் குறையும் இல்லை. 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்த பிறகு, கேபிள் இழுத்தவர்கள் வீட்டில் நாலைந்து பேர் என்று ஆனது. 2006 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. அந்த 14 இன்ச் பெட்டி என் பிறந்த வீட்டுக்கும் வந்தது. அதன் பிறகு டி.வி. பார்க்க அடுத்த வீட்டுக்குப் போகிற வேலையே இல்லை. இப்போது அறைக்கு ஒன்று, கைக்கு ஒன்று.

அதனால் முதல் முடிவை நான் எடுத்தேன். கூடத்து டி.வி. மாமியாரை விட்டுப் போகாது. இடம் மாற வேண்டியது கிரிக்கெட். பையன்களுக்குக் கால் இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், சத்தம் போட வாய் இருக்கிறது. திண்ணையை அடைத்துக் கட்டிய முன்னறை சும்மா கிடந்தது. பழைய 32 இன்ச்சில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்ததால், அதில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகி வைஃபை கொடுத்தால் போதும். இன்னொரு செட்டாப் பாக்ஸும் வேண்டாம், அதற்கு மாதா மாதம் ரீசார்ஜும் வேண்டாம். ஓடுகிற டி.வி.யைப் பழைய இரும்புக்குப் போடவும் எனக்கு மனசு வரவில்லை.

பிறகுதான் இன்ச் கணக்கு. பெரியவன் 55-ஐ விடவில்லை. டேப்பை எடுத்து அளந்தோம். உட்காரும் இடத்திலிருந்து சுவருக்கு ஏழு அடி. திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் உட்காருவது வசதி என்பார்கள். 43 இன்ச்சுக்கு அது ஐந்தரை அடியிலிருந்து ஏழு அடி. 55-க்கு ஏழிலிருந்து ஒன்பது. ஏழு அடி இரண்டுக்கும் பொருந்துகிறதே என்று மடக்கினான். பொருந்தும்தான், படம் நன்றாக இருந்தால். மாமியார் பார்ப்பது கேபிளில் வரும் சாதாரண எஸ்.டி. சேனல். அந்தப் படத்தில் இருப்பது சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பதோ சுமார் 83 லட்சம். கொஞ்சம் மாவை வைத்துக்கொண்டு கல் முழுக்க தோசை இழுத்த கதைதான். திரை பெரிதாகப் பெரிதாக முகமெல்லாம் மசமசவென்று தெரியும். 4கே சினிமா மட்டும் பார்க்கிற வீடாக இருந்தால் நானே 55-க்குத் தலையாட்டியிருப்பேன். இத்தனைக்கும் 43 ஒன்றும் சின்னதில்லை; பழைய 32-ஐப் போல அதன் பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு.

கடையில் ஓடுகிற படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். கிளி, பவளப்பாறை, எரிமலை எல்லாம் கண்ணைப் பறிக்கும். அது கடை வெளிச்சத்துக்காக ஏற்றிவைத்த பிரகாசம். நாங்கள் கேபிள் சேனல் போட்டுக் காட்டச் சொன்னோம். ஒரு கடையில் முகம் சுளித்தார்கள், இன்னொரு கடையில் போட்டார்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது.

பக்கவாட்டில் நகர்ந்து நின்றும் பார்த்தோம். ஏழு பேர் நேர்க்கோட்டில் உட்கார முடியாது. ஓரத்தில் இரண்டு பேர் எப்போதும் உண்டு. ஐ.பி.எஸ். வகைத் திரையில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. வி.ஏ. வகையில் நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஓரத்தில் வெளிறிப்போகும். தம்பதி இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு வி.ஏ. சரி. பெரிய குடும்பத்துக்கு ஐ.பி.எஸ். நல்லது. விற்பனையாளருக்கு எந்த மாடலில் எது என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை, நாலு எட்டு நடந்து பார்த்தால் நம் கண்ணே சொல்லிவிடும்.

விலை விஷயத்தில் நேரம் நன்றாக இருந்தது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. முன்பு 30,000 ரூபாய் என்றிருந்த டி.வி.யில் வரிக் குறைப்பு மட்டுமே சுமார் 2,300 ரூபாய். அதைச் சொல்லித்தான் பேரம் பேசினேன். தவணை வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வட்டியில்லாத் தவணை என்றாலும் பிராசஸிங் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. பிரசவச் செலவு எதிரில் நிற்கும்போது மாதா மாதம் இன்னொரு பிடித்தம் எதற்கு?

மிச்சம் பிடித்த பணம் சத்தத்துக்குப் போனது. மாமியாருக்குக் காது மந்தம். வால்யூமை நாற்பதில் வைப்பார். தெருமுனை வரை சீரியல் கேட்கும். வயதானால் முதலில் மங்குவது மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான். ச, த, ப போன்ற எழுத்துகள் ஒன்றுக்கொன்று குழம்பும். வால்யூமை ஏற்றினால் பின்னணி இசைதான் இடிக்கும், வசனம் தெளிவாகாது. இன்றைய ஒல்லி டி.வி.களில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துக்கொண்டிருப்பதால் சத்தம் சுவரில் முட்டித்தான் வருகிறது. அதனால் வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும் வசதியுள்ள சின்ன சவுண்ட்பார் ஒன்று வாங்கினோம். மருமகள் தன்னுடைய ப்ளூடூத் நெக்பேண்டை ஆயாவுக்குக் கொடுத்தாள். இதில் ஒன்றைக் கடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சில டி.வி.களில் ப்ளூடூத் இணைத்ததும் வெளிச்சத்தம் நின்றுவிடும், சிலவற்றில் இரண்டும் சேர்ந்து வரும். சேர்ந்து வந்தால்தான் குடும்பத்தோடு பார்க்க முடியும்.

மாட்டுவதற்கு உயரம் பார்த்தபோது எல்லோருக்கும் 2024 நவம்பர் ஞாபகம் வந்தது. அந்த 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கமெல்லாம் வெள்ளக்காடானது. அங்கே என் நாத்தனார் வீட்டில் ஸ்டாண்டில் இருந்த டி.வி. போனது, சுவரில் மாட்டியிருந்த பிளக் பாயின்ட் தண்ணீருக்குள். அதனால் ஸ்டாண்ட் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தவழும் குழந்தை ஸ்டாண்டைப் பிடித்து இழுத்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. மாட்ட வந்த பையன் வழக்கம்போல ஐந்தடியில் ஓட்டை போடப் பார்த்தான். நாங்கள் பாய் போட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கிற குடும்பம், கழுத்து என்னாவது? டி.வி.யின் அடி விளிம்பு தரையிலிருந்து மூன்றடி, பிளக் பாயின்ட் நாலடி என்று நிறுத்தினேன். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு பிளக்கோடு கேபிள் ஒயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும் என்பதால் அது கைக்கு எட்டவும் வேண்டும்.

எந்தச் சுவர் என்பதில்தான் கடைசிப் பஞ்சாயத்து. வாசல் கிழக்கு, மேற்குச் சுவரில் மாட்டினால் காலை வெயில் திரையில் விழும். தெற்குச் சுவரில் பாயின்ட் ஏற்கெனவே இருந்தது, ஒயரிங் செலவு மிச்சம். வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். மாமியார் பேசாமல் மேலே கையைக் காட்டினார். கூரையில் தூளி கட்டும் கொக்கி. என் இரண்டு பையன்களும் ஆடியது அதில்தான். அது தெற்குச் சுவரிலிருந்து மூன்றடி. அங்கே டி.வி. மாட்டினால் தூளி நேரே திரைக்கு முன்னால் ஆடும்.

இரண்டு வயது ஆகும் வரை குழந்தைக்குத் திரையே கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. இரண்டிலிருந்து நாலு வயதுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். மருமகள் அதை போனில் படித்துக் காட்டினாள். மாமியாருக்கு அந்த வழிகாட்டியெல்லாம் தெரியாது. “கொழந்த கண்ணு கூசும்டா” என்றார், அவ்வளவுதான். 1,400 ரூபாய் செலவில் வடக்குச் சுவருக்குப் புது பாயின்ட் இழுத்தோம். தூளி இப்போது பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால்.

மாசியில் பேத்தி பிறந்தாள். வைகாசியில் மருமகள் தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு வந்தாள். மாலை ஆறு மணிக்கு மாமியார் தன் இடத்திலேயே உட்காருகிறார். தூளிக் கயிற்றின் நுனி பின்னால் நீட்டிய கையில். முன்னறையில் யாரோ சிக்ஸர் அடித்தால் கூரை அதிரும், இவர் இங்கிருந்து அதட்டுவார். நெக்பேண்டில் மட்டும் ஒரு சிக்கல். இரண்டு காதிலும் மாட்டினால் குழந்தை சிணுங்குவது கேட்கவில்லையாம். அதனால் வலது காதில் மட்டும் சீரியல். இடது காது தூளிக்கு.