கொம்பில்லாத தாய் யானைகள்

"மிஸ், சிங்கம் கண்டனீங்களோ?"

ஆபிரிக்காவுக்குப் போய் வந்ததும் எங்கள் தையல் குழுவில் எல்லோரும் கேட்ட முதற் கேள்வி இதுதான். கண்டேன். மூன்று பெண் சிங்கங்கள் ஒரு பனையடியில் படுத்திருந்தன. பகல் முழுவதும் படுப்பதுதான் அவற்றின் வேலை என்று சொன்னேன். "எங்கட வீட்டு மனுசன் மாதிரி" என்றார் ஓர் அக்கா. சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. ஆனால் நான் எழுத நினைத்தது சிங்கத்தைப் பற்றி அல்ல, யானையைப் பற்றி. நாங்கள் அறியாத யானையா என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்துக்குள் வந்த யானைக்கு வெடி கொளுத்திவிட்டு இரவு முழுவதும் விழித்திருந்த கைகள்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகின்றன. இருந்தாலும் சொல்கிறேன்.

2023 ஆவணியில் மொசாம்பிக் நாட்டின் பெய்ரா நகரத்தில் ஒரு பயிற்சிப்பட்டறை நடந்தது. யுத்தத்தின் பின் பெண்களோடு வேலை செய்யும் பல நாட்டுப் பணியாளர்கள் வந்திருந்தார்கள். ஐந்து நாள் கூட்டம் முடிந்ததும் கொரொங்கோசா தேசியப் பூங்காவுக்கு இரண்டு நாள் அழைத்துப் போனார்கள். எனக்கு அதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. காடு என்றால் எனக்கு விறகும் பாம்பும் பங்கரும்தான் ஞாபகம் வரும். காட்டைக் காசு கொடுத்துப் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள் என்றே நினைத்திருந்தேன்.

பெய்ராவிலிருந்து இஞ்சோப்பே சந்திக்கு வந்து, அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். வழி நெடுக வீதியோரத்தில் கரிமூட்டைகள் விற்பனைக்கு அடுக்கியிருந்தன. கப்புலானா என்ற வண்ணச் சீலையால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர் வாளியோடு பெண்கள் நடந்தார்கள். பூங்காவின் தங்குமிடத்துக்குச் சித்தெங்கோ என்று பெயர். அங்கே சன்னங்கள் துளைத்த ஒரு சுவரை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் அதைப் படமெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. அப்படியான சுவரைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லையே.

அந்தக் காட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் ஆட்சியில் 1960இல் அது தேசியப் பூங்காவானது. 1975இல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1977இல் ஃபிரெலிமோ அரசாங்கத்துக்கும் ரெனாமோ இயக்கத்துக்கும் இடையில் யுத்தம் தொடங்கியது. 1981இல் பூங்காவின் தலைமையகம் தாக்கப்பட்டது. 1983இல் எல்லோரும் அதைக் கைவிட்டு வெளியேறினார்கள். 1992 ஒக்டோபரில் ரோம் நகரில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தாகும்வரை அந்தக் காடே போர்க்களம். யுத்தத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் இறந்ததாகச் சொல்வார்கள். மிருகங்களை இரு தரப்பும் சுட்டன. இறைச்சி பசிக்கு, தந்தம் ஆயுதம் வாங்க. சமாதானம் வந்த பிறகும் சில ஆண்டுகள் வேட்டை ஓயவில்லை. 14,000 அளவில் இருந்த எருமைகள் 100க்கும் குறைந்தன. 1972இல் 2,500க்கு மேல் இருந்த யானைகள் 2000ஆம் ஆண்டில் 250கூட இல்லை.

எங்கள் ஜீப்பை ஓட்டி வழிகாட்டியவர் நாற்பது வயதளவான ஒரு பெண். சிறு வயதில் மலாவியில் அகதி முகாமில் இருந்தவர். நானும் முகாமில் இருந்தவள் என்று சொன்னதும், "எத்தனை வருடம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே நாங்கள் அரைவாசி கதைத்து முடித்த மாதிரி இருந்தது.

முதல் நாள் மாலை உரெமா ஏரியைச் சுற்றியுள்ள வெள்ளச் சமவெளிக்குப் போனோம். மாரியில் நீர் நிறைந்து, கோடையில் வற்றிப் புல் முளைக்கும் பெருவெளி அது. கரையில் முதலைகள், நீருக்குள் நீர்யானைகள், தலையில் பொன்னிறக் கொண்டை வைத்த கொக்குகள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வாட்டர்பக் என்ற பெரிய மான்கள் நின்றன. பின்புறத்தில் சுண்ணாம்பால் வளையம் வரைந்தது போல ஒரு வெள்ளை வட்டம். 2018 கணக்கெடுப்பில் இவை மட்டும் 50,000க்கு மேல். யுத்தத்துக்கு முன் சில ஆயிரம்தான் இருந்தன. எருமையும் வரிக்குதிரையும் அழிந்து புல் மிஞ்சியது, பிடித்துத் தின்னும் மிருகங்களும் குறைந்துவிட்டன. ஆகவே எஞ்சியிருந்த வாட்டர்பக் பெருகி வெளியெல்லாம் பரவிவிட்டது. பயணிகளுக்கு அது அழகான காட்சி. வழிகாட்டிக்கு அப்படியல்ல. "நிறைய இருப்பதைப் பார்த்து எல்லாம் திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள், எது இல்லை என்று பாருங்கள்" என்றார். உண்மைதான். ஒட்டகச்சிவிங்கி காண ஆசைப்பட்டேன், காணவில்லை. காண்டாமிருகம் அங்கே முற்றாக அழிந்துவிட்டது.

புஷ்பக் என்று இன்னொரு மான் உண்டு. கூச்ச சுபாவம், பற்றைக்குள்ளேயே மறைந்து வாழும். சிறுத்தையும் காட்டுநாயும் இல்லாமற் போன ஆண்டுகளில் அது பற்றையை விட்டு வெட்டவெளிக்கு வந்து மேயத் தொடங்கிவிட்டது. ஆய்வாளர்கள் ஒலிபெருக்கியில் சிறுத்தையின் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மான்கள் உடனே பற்றைக்கு ஓடின. சிறுத்தையையே கண்டிராத மான்கள். இதைக் கேட்டபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. அடுத்த நாள்தான் யோசித்தேன்.

காட்டுநாய்கள் 14ஐ 2018இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் போனபோது அவை பெருகியிருந்தன. ஒரு கூட்டம் வீதியைக் குறுக்கறுத்து ஓடியதைக் கண்டேன். கறுப்பு, மஞ்சள், வெள்ளைத் திட்டுகள், வட்டக் காதுகள். வேட்டையாடித் தின்ற இறைச்சியைத் திரும்பக் கக்கி, வேட்டைக்கு வராமல் நின்ற குட்டிகளுக்கும் காவல் நின்ற நாய்க்கும் கொடுக்குமாம். காயப்பட்டதையும் கைவிடாது என்றார்கள்.

சிங்கங்களைக் கண்டது அன்று மாலைதான். மூன்றில் ஒன்று எழுந்து நடந்தபோது முன்காலை ஊன்றவில்லை. கம்பிக் கண்ணியில் அகப்பட்டுத் தப்பியது என்றார் வழிகாட்டி. பழைய லொறிகளின் வில்லுத் தகட்டில் செய்த இரும்புப் பொறிகளும் வைப்பார்களாம். பூங்காவைச் சுற்றி 2 இலட்சம் அளவில் மக்கள் வாழ்கிறார்கள், பெரும்பாலும் ஏழைகள். கண்ணி வைப்பவர் சிங்கத்துக்கு வைப்பதில்லை, பிள்ளைகளுக்கு இறைச்சி கொண்டுபோகப் பன்றிக்கோ மானுக்கோ வைக்கிறார். எங்களோடு வந்த ஒருவர் "காட்டுமிராண்டித்தனம்" என்றார். ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் காலையில் யானைகளைக் கண்டோம். மஞ்சள் நிறப் பட்டையுள்ள வேலமரங்களுக்கு நடுவே பதினொரு யானைகள். எல்லாம் பெண்களும் குட்டிகளும். யானைக் குடும்பம் அப்படித்தான். வயதில் மூத்த பெண் முன்னே போகும், சகோதரிகளும் மகள்மாரும் பேரக்குட்டிகளும் பின்னே. ஆண்பிள்ளை வளர்ந்ததும் பிரிந்து போய்விடும். எங்கள் படிவங்களில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்று ஒரு கட்டம் இருக்கும் அல்லவா, அந்தக் கட்டத்தில் புள்ளடி போட வேண்டிய குடும்பங்கள் இவை.

முன்னே நின்ற பெரிய யானைக்குத் தந்தம் இல்லை. நான் அதை வித்தியாசமாகவே கவனிக்கவில்லை. எங்கள் நாட்டில் பெண் யானைக்கு வெளியே தெரியும் கொம்பு இல்லை. ஆணிலும் பெரும்பாலானவை அலியன்தான், கொம்பன் மிகச் சில. ஆனால் ஆபிரிக்க யானையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நீருக்காக நிலம் கிண்டுவதும் மரப்பட்டை உரிப்பதும் தந்தத்தால்தான். பிறவியிலேயே தந்தம் முளைக்காத பெண் யானைகள் முன்பும் சில இருந்தன. யுத்தத்தில் தந்தமுள்ளவை சுடப்பட்டன. தந்தமில்லாதவற்றுக்குச் சன்னம் வீணாக்குவானேன் என்று விட்டிருப்பார்கள். ஆய்வாளர்கள் பழைய படச்சுருள்களைப் பார்த்து எண்ணினார்கள். யுத்தத்துக்கு முன் 100 பெண் யானைகளில் 18 அல்லது 19 தந்தமில்லாதவை. யுத்தத்தின் பின் 51. யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பெண் யானைகளிலும் மூன்றில் ஒன்றுக்குத் தந்தமில்லை. 2021இல் சயன்ஸ் என்ற ஆய்விதழில் இது வெளிவந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தந்தமில்லாத தன்மை தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. மகளுக்குப் போனால் அவளும் தந்தமில்லாமல் வாழ்வாள். மகனுக்குப் போனால் அவன் பிறக்கமாட்டான், வயிற்றிலேயே இறந்துவிடுவான் என்று அவர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் தந்தமில்லாத தாய்மாருக்குப் பிழைத்த குட்டிகளில் மூன்றில் இரண்டு பெண்ணாக இருக்கின்றன. யானையின் கர்ப்பம் ஏறத்தாழ 22 மாதம்.

பெய்ராவில் ஐந்து நாளும் நாங்கள் அதிகம் கேட்ட சொல் "மீண்டெழும் திறன்". எந்த நாட்டவர் பேசினாலும் தங்கள் பெண்களிடம் அது நிறைய இருக்கிறது என்று முடித்தார்கள். நானும் எங்கள் பெண்களைப் பற்றி அப்படித்தான் வாசித்தேன், கைதட்டினார்கள். அந்தத் தந்தமில்லாத யானையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தக் கைதட்டல் எனக்குக் கூச்சமாக இருந்தது. அது பிழைத்தது உண்மை. எதைக் கொடுத்துப் பிழைத்தது என்று நான் என் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜீப்பிலிருந்து ஐம்பது மீற்றர் தூரம் இருக்கும். ஒருவர் கமராவை மாற்ற எழும்பினார், கதவு சத்தம் போட்டது. பெரிய யானை திரும்பிக் காதை விரித்தது. ஒரு கணத்தில் பதினொன்றும் ஒன்றோடொன்று நெருங்கி, குட்டிகளை நடுவில் தள்ளி, வட்டமாக நின்றன. வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்தினார். எங்கள் பக்கம் பார்த்து, அசைய வேண்டாம் என்று கையால் காட்டினார். யானை தலையை ஆட்டிக்கொண்டு நாலைந்து எட்டு எங்களை நோக்கி வந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பிறகு அங்கேயே நின்று, நெடுநேரம் எங்களை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மற்றவை பின்னால் போயின.

அந்த யானைகள் வாகனத்தைக் கண்டால் துரத்தும் அல்லது தப்பி ஓடும் என்று பெயர் பெற்றவை. யுத்தத்தில் வாகனத்தில் வந்தவர்கள்தான் சுட்டார்கள். யானைகளை நீண்ட காலம் ஆராய்ந்த ஜொய்ஸ் பூல் என்ற பெண்மணி அங்கே வந்து, நாளாந்தம் வாகனத்தை அமைதியாக நிறுத்தி வைத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அவற்றுக்குக் காட்டப் பாடுபட்டார். டொமினிக் கொன்சால்வெஸ் என்ற மொசாம்பிக் பெண் யானை ஆய்வை நடத்துகிறார். அவர்களுடைய அனுபவத்தைப் பற்றி வழிகாட்டி சொன்னதில் ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. யுத்தத்தைக் கண்ட கிழ யானைகள் பதறுவது விளங்குகிறது. ஆனால் 1992க்குப் பின் பிறந்தவையும் பதறுகின்றன. அவை அந்த யுத்தத்தைக் கண்டதில்லை. தாய் நடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கின்றன, அவ்வளவுதான்.

என் மகள் 2015இல் பிறந்தவள். ஹெலி சத்தம் கேட்டால் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். பயந்த சுபாவம், ஐயரிடம் காட்டி நூல் கட்ட வேண்டும் என்று அம்மா சொல்வார். இரண்டு தடவை கட்டினோம். ஒலிபெருக்கிக்குப் பயந்து ஓடிய மானைப் பற்றி அந்த ஜீப்புக்குள் இருந்துகொண்டு அப்போதுதான் யோசித்தேன். ஹெலி சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் முதலில் எழும்புவது யார்? நான் அதைக் கவனித்ததே இல்லை.

திரும்பி வரும் வழியில் வழிகாட்டி தேன்கூட்டு வேலியைக் காட்டினார். கம்பியில் இடைவெளி விட்டுத் தேனீப் பெட்டிகளைத் தொங்கவிடுகிறார்கள். யானை கம்பியில் முட்டினால் பெட்டி ஆடும், தேனீ கலையும், யானை திரும்பிவிடும். சோளம் தப்பும், தேனும் கிடைக்கும். இதைத் தையல் குழுவில் சொன்னபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள். பெட்டி என்ன விலை, எந்தத் தேனீ, கோடையில் பூ இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேள்விக்கு மேல் கேள்வி. தோட்டம் செய்யும் ஓர் அம்மா, "பிள்ளை, உந்தக் கொம்பில்லாத யானை கதையை விட்டிட்டு இதையல்லோ முதல்ல சொல்லியிருக்க வேணும்" என்றார். அடுத்த மாதம் விவசாயத் திணைக்களத்தில் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நான் திரும்பி வந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு ஞாயிறு, குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கிழக்குப் பக்கம் ஹெலி சத்தம். துருவலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தோள் எழும்பத்தான் பார்த்தது. மகள் வாசலில் வந்து நின்றாள். வானத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். சத்தம் போய் முடிந்தது. யானைக்குட்டியின் படத்தை இன்னொருக்கால் காட்டச் சொல்லிக் கேட்டாள்.