ரைமரின் நேரமும் எங்கள் நேரமும்

அம்மாவின் இடது முழங்காலில் 2009 இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. விடியற்காலையில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால்தான் அவவால் காலை மடக்கி எழும்ப முடியும். அதனால் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிவீட்டில் ஹீற்றர் ஆடம்பரப் பொருளல்ல. ஆனால் மின்கட்டணத்தையும் பார்க்க வேண்டுமே. எங்களுடைய சிறிய ஹீற்றர் 1500 வாட். ஒரு மணித்தியாலம் சூடாக்கினால் ஒன்றரை அலகு. நாள் முழுவதும் போட்டுவிட்டால், தண்ணீர் ஆற ஆற அது திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

லண்டனில் இருக்கும் தங்கை இதற்காகத்தான் 2019 இல் ஒரு டிஜிட்டல் ரைமர் அனுப்பினாள். அவள் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் மின் ஹீற்றரையும் அப்படியொரு ரைமரில்தான் போட்டு வைத்திருக்கிறாள். இரவில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் திட்டமும் அங்கே உண்டு. இங்கே எங்களைப் போன்றவர்களின் சாதாரண வீட்டு மீற்றருக்கு இரவு பகல் பேதமில்லை. அலகு கூடக் கூட விலையும் கூடும். ஆகவே ரைமரால் எங்களுக்குக் கிடைக்கும் இலாபம், தேவையான நேரம் மட்டும் ஹீற்றர் எரிவதுதான். காலை நாலரை முதல் ஐந்தரை வரை.

2022 இல் மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். ஒருநாள் காலை, குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. மறுநாளும் அப்படியே. பார்க்க வந்த மின்வேலைக்காரர், "அக்கா, கொயில் போயிட்டுது. ஹீற்றரை மாத்தத்தான் வேணும்" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குத் தீர்ப்பு இப்படித்தான் விரைவாக வரும். சமையல் வாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் புது ஹீற்றருக்கு எங்கே போவது?

அவர் போனபின் சுவிட்சை அணைத்து, ரைமரைக் கழற்றி, ஹீற்றரின் பிளக்கை நேரே சுவரில் செருகினேன். அரை மணித்தியாலத்துக்குள் தண்ணீர் நன்றாகச் சுட்டது. அப்படியானால் கொயிலில் குறையில்லை, குறை ரைமரில்தான்.

அதன் திரையில் 0:00 என்று மின்னிக்கொண்டிருந்தது. போட்டு வைத்த நேரங்கள் எல்லாம் அழிந்திருந்தன. மணியையும் கிழமையையும் சரிசெய்து, ஓன், ஓட்டோ, ஓஃப் என்ற மூன்றில் ஓட்டோவில் நிறுத்தினேன். (ஓஃபில் நின்றால் எத்தனை நேரம் போட்டு வைத்தும் பயனில்லை. கிழமைகளில் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் தெரிவாகியிருந்தால் சனிக்கிழமை தண்ணீர் சுடாது. இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒருநாள் முழுவதும் சுவரில் விட்டுவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். திரை உடனே மங்கிப்போயிற்று. மின்சாரம் இல்லாத வேளையில் மணிக்கூட்டைக் காக்கும் சின்னப் பற்றரி செத்துவிட்டது. அது உள்ளே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது.

பிறகு புறக்கோட்டையில் சுழலும் வட்டுள்ள ரைமர் ஒன்று வாங்கினேன். வட்டைச் சுற்றி 96 சிறு பற்கள், ஒன்றுக்குக் கால் மணித்தியாலம். நாலு பல்லை அமத்தினால் ஒரு மணித்தியாலம். வாங்கும்போது பின்பக்கத்தில் எத்தனை அம்பியர் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஹீற்றர் இழுப்பதைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். ரைமர் கை வைக்க முடியாமல் சுட்டாலோ, கருகிய மணம் வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். பிளக் இல்லாமல் சுவரோடு வயர் பொருத்திய ஹீற்றரில் நாமாகக் கை வைக்கக் கூடாது. அதற்கு நல்ல மின்வேலைக்காரர் வேண்டும்.

இந்த ரைமரில் பற்றரி இல்லை. மின்சாரம் நின்றால் வட்டும் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து சுற்றும். இரண்டு மணித்தியாலம் மின்சாரம் நின்றால் மறுநாள் சுடுதண்ணீரும் இரண்டு மணித்தியாலம் பிந்தும். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்றிரவு நான் நினைவாக வட்டைத் திருப்பி வைத்தேன்.

"இதுவும் பழைய நேரம் புது நேரம் கதைதான்" என்று அம்மா சிரித்தா. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்குப் போனால், "எந்த நேரத்தில ஒன்பது மணி?" என்று கேட்டுத்தான் எதற்கும் புறப்பட வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மாற்றிய நேரம், மின்சாரமே இல்லாத எங்களுக்கு எதற்கு என்று அம்மா அப்போதும் கேட்பா.

போன நவம்பரில் தங்கை எடுத்தாள். அறை அதிகாலை ஐந்துக்கே சூடாகி, பிள்ளைகள் ஏழு மணிக்கு எழும்பும்போது ஆறிவிடுகிறதாம். அங்கே கோடைகால நேரம் ஒக்டோபர் கடைசி ஞாயிறோடு முடிகிறது.

"ரைமர் திரையின்ர மூலையில 'எஸ்' எழுத்துத் தெரியுதா, பார்."

"ஓமக்கா, தெரியுது. அது என்ன?"

"கோடை நேரம். அதை எடுத்துவிடு. மணி ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும்."