ஒன்பது மில்லிமீட்டர்

புணேயை அடுத்த நிக்டியில், துர்கா தேக்டிக் குன்றில் நாள்தோறும் காலையில் நடப்பவர் அவர். போசரித் தொழிற்பேட்டையின் வார்ப்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். நீங்காத இருமலுக்காக எடுத்த சிடி ஸ்கேன், வலது நுரையீரலின் மேல்மடலில் 9 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்றைக் காட்டியது. மறுநாள் முதல் அவர் குன்றேறவில்லை.

நுரையீரலில் 3 சென்டிமீட்டருக்கு மிகாத உருண்டைப் புள்ளியையே முடிச்சு என்கின்றனர். அது நோயின் பெயரன்று. படத்தில் தெரியும் வடிவத்தின் பெயர். நெடுங்காலம் புகைபிடித்த 53,454 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிடி ஸ்கேன் ஐயத்துக்குரியவை எனக் காட்டியவற்றுள் 96 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை புற்றுநோய் அல்ல. நம் நாட்டில் காசநோய் ஆறிய தழும்பும் இவ்வாறே தோன்றும்.

ஆயினும் அளவு முக்கியம். 2017ஆம் ஆண்டின் ஃபிளைஷ்னர் சங்க நெறிமுறைப்படி, 8 மில்லிமீட்டரைக் கடந்த திண்ம முடிச்சுக்கு மூன்று மாதத்தில் மறு ஸ்கேன், பெட் ஸ்கேன், திசு ஆய்வு ஆகியவற்றுள் ஒன்றைக் கருத வேண்டும். காசநோய்த் தழும்பும் பெட் ஸ்கேனில் ஒளிர்ந்து மயக்கக்கூடும். ஊசி செலுத்தினால் நுரையீரலிலிருந்து காற்றுக் கசியக்கூடும்.

"காகா, முன்பு காசநோய் இருந்ததா? பழைய படம் ஏதேனும் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். "இல்லை" என்றார் அவர். திசு ஆய்வுக்கு நாள் குறிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய இரவு, இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து பழுப்பேறிய உறையொன்றை எடுத்து இளைய மகளிடம் நீட்டினார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஆறு மாதம் காசநோய்க்கு மருந்துண்டவர். சிகிச்சை முடிவில் எடுத்த சிடி படம் அது.

"உன் அக்காவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அம்மா. வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?"

மருத்துவர் இரு படங்களையும் அருகருகே வைத்தார். அதே இடம், அதே 9 மில்லிமீட்டர். விட்டம் நான்கில் ஒரு பங்கு கூடினாலே முடிச்சின் கனஅளவு ஏறத்தாழ இருமடங்காகிவிடும். திண்மமான புற்றுமுடிச்சுகள் பெரும்பாலும் 400 நாள்களுக்குள் அவ்வாறு பெருகுவன. பத்து ஆண்டுகள் அசையாதிருந்தது தழும்பே.

ஊசி கைவிடப்பட்டது. இருமலுக்குக் காரணம் அறியச் சளிப் பரிசோதனை எழுதப்பட்டது. இம்முறை அந்தச் சீட்டு மேசைமேல், அனைவரும் காணும்படி கிடந்தது.