லைன் நிற்கக் கூடாது

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் நல்ல ஏ.சி. போட்ட அறைகள் இரண்டுதான். ஒன்று எம்.டி. அறை, இன்னொன்று சி.எம்.எம். அறை. எம்.டி. பாதி நாள் வெளியூரில் இருப்பார், அவர் அறை பூட்டியே கிடக்கும். சி.எம்.எம். அறையில் மட்டும் இரவு பகலாக இருபது டிகிரி. கடைந்து வரும் பாகத்தைப் பெரிய கருங்கல் மேசைமேல் வைத்தால், மாணிக்க முனை வைத்த ஒரு ஊசி அதைத் தொட்டுத் தொட்டு மைக்ரான் கணக்கில் அளக்கும். வெயிலில் இருந்து வருகிறவர்கள் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு அங்கே போய் நிற்பார்கள். குவாலிட்டி சூப்பர்வைசர் விரட்டுவார்: "கதவச் சாத்துப்பா, ரீடிங் ஓடுது."

கருங்கல்லுக்கு ஆயுள் கெட்டி. அதன் அருகில் மேசையடியில் இருந்த கம்ப்யூட்டர் விஷயம் வேறு. விண்டோஸ் எக்ஸ்.பி. அதன் நெற்றியில் மஞ்சள் காகிதத்தில் கொட்டை எழுத்து: அப்டேட் போடாதே. எழுதச் சொன்னவர் மெஷின் விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். அப்டேட் போட்டு அளவு பிசகினால் நாங்கள் பொறுப்பல்ல, கேலிபரேஷன் சர்டிபிகேட் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் சர்டிபிகேட்டைத்தான் கேட்பார்கள். விண்டோஸ் எந்த வருஷத்தது என்று யாரும் கேட்டதில்லை. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எக்ஸ்.பி.யைக் கைகழுவியது. அன்றும் எங்கள் ஷிஃப்ட் வழக்கம்போல ஆறு மணிக்குத் தொடங்கியது.

எக்ஸ்.பி.யோடு எனக்குப் பழக்கம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் எந்த கேட்டிலாவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்த காலம். 2003 ஆகஸ்டில் ஒரு நாள் திரை நடுவே சின்னப் பெட்டி ஒன்று வந்து அறுபதிலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது. பூஜ்யம் வந்ததும் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். வேலைக்கு பயோடேட்டா அடித்துக்கொண்டிருந்த பையன் "அண்ணா, ஆஃப் ஆகுதுண்ணா" என்று அலறுவான். ஓடிப்போய் ரன் பெட்டியில் ஒரு கட்டளை அடித்தால் எண்ணிக்கை நின்றுவிடும். அது தெரிந்தவன் என்பதற்காகவே எனக்கு அங்கே கூடுதலாக ஒரு டீ கிடைத்தது.

அப்படி அணைத்தது ஒரு புழு. பெயர் பிளாஸ்டர். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டர் நெட்டில் இருந்தால் போதும், விண்டோஸின் ஆர்.பி.சி. என்ற உள்சேவையில் இருந்த ஓட்டை வழியாகத் தானே நுழைந்துகொள்ளும். பில் கேட்ஸைப் பார்த்து, பணம் பண்ணுவதை விட்டுவிட்டு மென்பொருளைச் சரிசெய் என்று திட்டும் ஒரு வரியும் அதற்குள் ஒளிந்திருந்தது. கேட்ஸ் பாவம். அவருடைய கம்பெனி ஜூலை 16ஆம் தேதியே பேட்ச் கொடுத்துவிட்டது. புழு கிளம்பியது ஆகஸ்ட் 11.

அந்த நாலு வாரத்தில் நாங்கள் ஏன் பேட்ச் போடவில்லை? போடுகிற வழக்கமே கிடையாது. நெட்டை எம்.பி. எம்.பி.யாக அளந்து கொடுத்த காலம். அப்டேட் இறங்கினால் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கம் திறக்காது. அசெம்பிள் செய்து வாங்கிய மெஷின்களில் இருந்த விண்டோஸ் எந்த சிடியிலிருந்து வந்தது என்பதும் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. அப்டேட் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் அன்று ஊருக்கே இருந்தது. (2007ல் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலேயே கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்ததென்னவோ ரிச்சி ஸ்ட்ரீட் சரக்குதான்.) பிற்பாடு ஓனர் டீப் ஃப்ரீஸ் என்று ஒரு மென்பொருள் போட்டார். யார் எதைக் கெடுத்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் கம்ப்யூட்டர் பழையபடி ஆகிவிடும். வைரஸ் போய்விடும். மெனக்கெட்டு ஒரு பேட்ச் போட்டிருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

ஃபாக்டரிக்கு வந்த பிறகு எனக்குப் பரிச்சயமானது பென்டிரைவ். லைனில் நெட் இல்லை, ஆனால் எல்லார் சட்டைப்பையிலும் பென்டிரைவ் உண்டு. நைட் ஷிஃப்டில் இளையராஜா பாட்டு, காலையில் அதே டிரைவில் சி.என்.சி. புரோகிராம். 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற புழு கிளம்பியது. பிறகு வந்த வடிவத்தில், விண்டோஸ் பென்டிரைவைக் கண்டதும் தானாக ஓடவிடும் ஆட்டோரன் வசதியையும் அது ஒரு வாகனமாக்கிக்கொண்டது. அதற்கும் பேட்ச் அக்டோபர் 23ஆம் தேதியே வந்திருந்தது. எங்கள் லைன் கம்ப்யூட்டர்களில் அது பல வருஷம் குடியிருந்தது. ஒன்றைச் சுத்தம் செய்வேன். மறுநாள் பி ஷிஃப்டில் யாரோ பாட்டோடு கொண்டுவந்து மறுபடி விடுவார்கள்.

மெயின்டனன்சில் ஒரு அண்ணன் இருந்தார், வாலாஜாபாத்துக்காரர். ஐ.டி.ஐ. படிப்பு, ஆனால் மெஷின்களை இயக்கும் பி.எல்.சி.யைப் பிரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவார். 2010ல் ஸ்டக்ஸ்நெட் என்ற புழுவைப் பற்றிச் செய்தி வந்தபோது பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, இது சீமென்ஸ் பி.எல்.சி.யத்தான் புடிக்குதாமே. நம்முளுதும் சீமென்ஸ்தானே?"

"ஆமாண்ணே. ஆனா அது தேடறது ஈரான்ல இருக்கற ஒரு குறிப்பிட்ட அமைப்ப. நம்ம மெஷின்ல வந்தாலும் சும்மாத்தான் கெடக்கும்."

"வந்து சும்மா கெடந்தா அது எனக்கு எப்படித் தெரியும்?"

இன்றுவரை அதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஸ்டக்ஸ்நெட் பரவிய கணக்கில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து இந்தியாதான் என்று சைமான்டெக் நிறுவனம் அந்த வருஷம் சொன்னது. பென்டிரைவில் உள்ள ஷார்ட்கட் ஐகானை விண்டோஸ் திரையில் காட்டினாலே போதும், உள்ளே வந்துவிடும். இந்த ஒன்றில்தான் வரிசை மாறியது. ஓட்டை முதலில் அடிபட்டது, பேட்ச் பிறகு வந்தது. நான் கண்ணால் பார்த்த மற்றவை எல்லாவற்றிலும் மருந்து முன்னால் வந்து காத்திருந்தது.

2017 மே மாதம் அப்படித்தான் நடந்தது. மார்ச் 14ஆம் தேதி பேட்ச். ஏப்ரல் 14ஆம் தேதி, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கியவர்கள் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விடம் இருந்த எடர்னல்ப்ளூ என்ற கருவியை ஊரறியப் போட்டார்கள். மே 12, வெள்ளிக்கிழமை, வான்னாக்ரை என்ற புழு. விண்டோஸில் ஃபோல்டரை ஷேர் செய்ய உதவும் எஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டைதான் அதற்கு வழி. ஒரே வலையில் இருந்தால் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவும். கோப்புகளைப் பூட்டிவிட்டு, சிவப்பு ஜன்னல் ஒன்று திறந்து முந்நூறு டாலரை பிட்காயினில் கேட்கும். மூன்று நாள் தாண்டினால் அறுநூறு. மிரட்டலை 28 மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. நம்மிடமிருந்து பணம் வராது என்று முன்பே கணித்துவிட்டார்கள் போல.

பிரான்சில் ரெனோ ஆலைகள் நின்றன. இங்கிலாந்தில் நிசானின் சண்டர்லாண்ட் ஆலை. ஒரகடத்தில் 2010 முதல் ஓடிக்கொண்டிருந்த ரெனோ-நிசான் கூட்டு ஆலையும் பாதிக்கப்பட்டது என்ற செய்தி சனி, ஞாயிறுக்குள் வந்துவிட்டது. இந்தச் சாலையில் கார் ஆலை ஒன்று நின்றால் அதன் சத்தம் வல்லம் வரை கேட்கும். மணிக்கணக்குப் பார்த்து லாரி அனுப்பும் ஊர் இது. ஸ்டாக் வைக்க யாரிடமும் இடம் இல்லை.

எங்கள் கம்பெனிக்கு எதுவும் ஆகவில்லை. சி.எம்.எம். அறைக்குப் போகும் நெட்வொர்க் கேபிளை எலி கடித்து வெகுநாளாகியிருந்தது, அதை யாரும் மாற்றவில்லை. அளவுகளைப் பென்டிரைவில்தான் கொண்டுபோனார்கள். ஆஃபீஸ் பக்கம் விண்டோஸ் 7. அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உலகம் முழுக்க எக்ஸ்.பி.யைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அடிபட்டவற்றில் பெரும்பகுதி விண்டோஸ் 7 என்று பிறகு தெரிந்தது. எக்ஸ்.பி. பெரும்பாலும் நீலத்திரை விழுந்து நின்றுவிட்டது, புழுவுக்கு உதவக்கூட அதற்குத் தெம்பில்லை. சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கேபிளைப் பிடுங்கி, பேட்ச் போட்டு, மறுபடி செருகினேன். கைவிட்ட எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாஃப்ட் அன்று பேட்ச் வெளியிட்டது. இதற்கிடையில் மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இருபத்திரண்டு வயது இங்கிலாந்துப் பையன், புழுவின் வயிற்றில் இருந்த ஒரு இணைய முகவரியைப் பார்த்து, அது யார் பேரிலும் இல்லை என்று கண்டு, பத்து டாலர் சொச்சத்துக்குப் பதிவு செய்தான். அந்த முகவரி பதில் சொன்னால் ஓடக்கூடாது என்று புழுவுக்குள் எழுதியிருந்தது. அதோடு வேகம் அடங்கியது.

திங்கள்கிழமை எனக்கு வேறு விதமாக விடிந்தது. எஸ்.எம்.பி. முதல் பதிப்பையே அணைத்து வைத்திருந்தேன். ஆஃபீஸ் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் எதுவும் ஃபோல்டருக்கு வரவில்லை. அந்த மெஷினுக்கு வேறு பாஷை தெரியாது. பில்லை ஸ்கேன் செய்ய முடியாமல் டிஸ்பேட்ச்காரர்கள் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். "வைரஸ் வந்தாக்கூட இவ்ளோ கஷ்டம் இல்ல சார்" என்றார் ஒருவர். மத்தியானத்துக்குள் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் பழையதைத் திறந்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. திறந்துவிட்டேன். சி.எம்.எம். அறைக்கும் போய்ப் பார்த்தேன். மஞ்சள் காகிதம் அப்படியே இருந்தது. அண்ணன் புதுக் கேபிள் கொண்டுவந்து வைத்திருந்தார். "மாட்டவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

தனியாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்ற பேச்சை அதற்குப் பிறகு பெரிய இடத்திலும் கேட்டேன். 2019 அக்டோபர் 29ஆம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அறிக்கை, அதன் கட்டுப்பாட்டு அமைப்பின்மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாள் அணுமின் கழகமே மால்வேர் இருந்தது உண்மை என்றது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றில் இருந்தது, கட்டுப்பாட்டு வலை தனி, செப்டம்பர் 4ஆம் தேதியே மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு தெரிவித்துவிட்டது என்று விளக்கமும் வந்தது. இரண்டு அறிக்கைகளையும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நம்ம ரூம் மாதிரியேதான்" என்று பதில் போட்டார்.

விண்டோஸை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிப்காட்டில் எந்த அக்கவுன்ட்ஸ் அறைக்குப் போனாலும், நாற்பது நாள் சோதனைக் காலம் முடிந்து பல வருஷமாகியும் சிரித்துக்கொண்டே திறக்கும் வின்ரார் இருக்கும். 2019 பிப்ரவரியில் அதற்குள் பத்தொன்பது வருஷப் பழைய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஏஸ் என்ற, எல்லாரும் மறந்துபோன வகைக் கோப்பைத் திறக்கும் பகுதி. அதன் மூலநிரல் வின்ரார்காரர்களிடமே இல்லை, அந்தப் பகுதியையே வெட்டி எறிந்தார்கள். வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. ஆகவே நம் ஊர்களில் எறியப்படாமலே இருக்கிறது. வேர்டில் ஈக்வேஷன் எடிட்டர் என்று ஒன்று இருந்தது. சமன்பாடு எழுதுவதற்கு. 2000ஆம் வருஷத்தில் தொகுத்த நிரல், பதினேழு வருஷம் கழித்து 2017 நவம்பரில் அதன் ஓட்டையை அடைத்தார்கள், 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் யாரும் சமன்பாடு எழுதியதில்லை. ஆனால் "பர்ச்சேஸ் ஆர்டர்", "பேமென்ட் அட்வைஸ்" என்று பெயர் வைத்த கோப்புகள் அந்த வழியில் உள்ளே வரப் பார்த்தன. பேமென்ட் என்ற பெயரில் மெயில் வந்தால் திறக்காத சப்ளையர் உண்டா?

அண்ணன் ரிட்டயர் ஆகி ஊரில் பயிர் வைக்கிறார். 2024 ஜூலை 19ஆம் தேதி போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகத்தில் எண்பத்தைந்து லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்திருந்தன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள்.

"பாத்தியா தம்பி? மஞ்சப் பேப்பர் ஒட்டுனவன் முட்டாள் இல்ல."

இல்லைதான். லைனை நிறுத்துகிறவன் பேர் எல்லாருக்கும் தெரியும், ஓட்டையை அடைக்காதவன் பேர் யாருக்கும் தெரியாது. மெஷின் புரொடக்‌ஷனுக்குச் சொந்தம், கேபிள் ஐ.டி.க்குச் சொந்தம், மென்பொருள் மெஷின் விற்ற ஜெர்மனிக்காரனுக்குச் சொந்தம். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கோளாறு விண்டோஸில் கொஞ்சம்தான், மீதி இங்கே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது வல்லம் வடகாலில் வேறு ஒரு கம்பெனியில் இருக்கிறேன். போன வருஷம் புது மெஷின் ஒன்று வந்தது. சாதாரண விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இதில் இருப்பது தொழிற்சாலை மெஷின்களுக்கான 2021 பதிப்பு, 2032 ஜனவரி வரை பேட்ச் உண்டு. இதைக் கேட்டு வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அக்கவுன்ட்ஸ் பையன் இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு வந்தான். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி மெஷினுக்கு ஆயுள் பதினைந்து வருஷம், டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு மூன்று. அந்த அட்டவணை நடைமுறைக்கு வந்தது எக்ஸ்.பி. போன அதே 2014 ஏப்ரலில், ஒரு வாரம் முன்னால்.

"சார், உள்ள இருக்கற பி.சி.ய கம்ப்யூட்டர்னு போடவா, மெஷின்னு போடவா?"

"ரெண்டும்தான்பா."

"ரெண்டும்னு டாலில போட முடியாது சார். தனியா விலை போட்டு வந்தாத்தான் பிரிக்கலாம். இது ஒரே பில்லு."

மெஷின் என்று போட்டான். பதினைந்து வருஷம்.